‘கை கழுவினாயா?’ என்று கேட்பவர்கள் தொட்டியையும் பார்க்கட்டும்

காய்ச்சலும் வாந்தியுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் எங்கு போனாலும் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். என்ன சாப்பிடக் கொடுத்தாய்? தண்ணீரைக் காய்ச்சினாயா? கை கழுவினாயா? இவை தவறான கேள்விகள் அல்ல. மருத்துவம் கேட்டே ஆக வேண்டியவை. ஆனால் எல்லாக் கேள்விகளும் தாயின் கையில் தொடங்கி, தாயின் கையிலேயே முடிந்துவிடுகின்றன. அந்தத் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது, ஊருக்குள் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, காலனிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்பவர்கள் அரிது. அப்படிக் கேட்கத் தொடங்கினால் பேச்சு சாதியில் போய் நிற்கும்.

நான் குஜிலியம்பாறை வட்டாரத்தைச் சேர்ந்தவள். திண்டுக்கல் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், கரூர் மாவட்டத்தை ஒட்டியிருக்கும் வறண்ட பூமி இது. மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடுவார்கள். நிலம் இல்லாதவர்கள் மில் வேனுக்காகவோ கரூர் பஸ்ஸுக்காகவோ சாலையோரம் நிற்பார்கள். என் வீடு ஊருக்கு வெளியே, காலனியில் இருக்கிறது. மகளுக்கு ஒன்றரை வயது. காய்ச்சலும் வாந்தியும் வந்த குழந்தையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் சொல்லப் போகிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டுமல்ல, இதைப் படிக்கும் எல்லாத் தோழர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய அறிவு அது. அந்த அறிவு எந்த இடத்தில் போதாமல் போகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம்

போன கோடையில் ஒரு நாள் பொழுது சாயும்போதே மகளுக்கு உடம்பு சுட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் வாந்தி. பதினொரு மணிக்குள் நான்கு முறை. கணவர் சரக்கு வண்டியோடு கரூர்ப் பக்கம் போயிருந்தார். “கண்ணு பட்டிருக்கும்த்தா, மந்திரிச்சுட்டு வந்துரலாம்” என்றார் அத்தை. பக்கத்து வீட்டு அக்கா, “தின்னது ஏதோ சிக்கியிருக்கு, விடிஞ்சதும் தொக்கம் எடுத்துரு” என்றார். எங்கள் பக்கத்தில் குழந்தை வாந்தி எடுத்தால் தொக்கம், விடாமல் அழுதால் உரம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இருவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். தூக்கத்தை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். ஆனால் குழலை வைத்து ஊதுவதாலோ, சேலையில் போட்டு உருட்டுவதாலோ, உடம்பு இழந்த நீர் திரும்பி வராது. அந்த நேரத்தில் முக்கியமானது ஒன்றுதான்: வெளியே போகும் நீரை ஈடுகட்டும் அளவுக்கு உள்ளே நீர் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தது. அங்கன்வாடி அக்கா கொடுத்து, எப்படிக் கலக்க வேண்டும் என்றும் சொல்லித் தந்திருந்தார். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் அதில் 20.5 கிராம் தூள் இருக்கும். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே நேரத்தில் கரைக்க வேண்டும். கொஞ்சம் தூள், கொஞ்சம் தண்ணீர் என்று கண் மதிப்பில் கலக்கக் கூடாது. உப்பு கூடினால் அதுவே ஆபத்து. 200 மில்லிலிட்டருக்கான சின்னப் பாக்கெட்டும் வருகிறது, அதனால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வாந்தி எடுக்கிற குழந்தைக்கு டம்ளரில் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு ஒரு சின்ன ஸ்பூன் வீதம் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்றால் ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஸ்பூன். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்தால்தான் அது நடக்கும். காலை ஆறு மணிக்கு மில் வேன் ஏற வேண்டிய ஒருத்தியால் எத்தனை மணி நேரம் முடியும்? வீட்டில் இன்னொருவர் ஸ்பூனைக் கையில் வாங்க வேண்டும். ‘தாய்மார்களே’ என்று தொடங்கும் சுகாதார அறிவிப்புகளுக்கு இது தெரிவதில்லை. தகப்பன்மார்களும் சித்தப்பன்மார்களும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால். இதை வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்: ஒரு கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் விற்கிறது, 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் விற்கிறது. முதல் வகையில் 6 மில்லி கொடுக்க வேண்டிய குழந்தைக்கு இரண்டாவது வகையில் 3 மில்லிதான். ‘ஒரு மூடி ஊத்து’ என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டால் இரண்டு மடங்கு மருந்து போய்விடும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. எந்த சிரப், எத்தனை மில்லி என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒருமுறை கேட்டுப் பாட்டில் மேலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. பெரியவர்களுக்கு வாங்கிய வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது.

வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். கடையில் ஜூஸ் டப்பாவில் விற்கும் இனிப்புத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதற்காக ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. சர்க்கரை கூடிய பானம் வயிற்றுப்போக்கை அதிகமாக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். எதையும் குடிக்க முடியவில்லை, குடித்த எல்லாமே வாந்தியாகிறது, வலிப்பு வருகிறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, கண் குழி விழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, வாந்தி பச்சை நிறத்தில் வருகிறது, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் இருக்கிறது, கழுத்து விறைக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலோடு வாந்தி என்றாலே வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடவும் முடியாது. டெங்கு, நிமோனியா, சிறுநீர்த் தொற்று, மூளைக்காய்ச்சல் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் வரும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் அபாயமான நேரம். ‘சூடு குறைஞ்சிருச்சு’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இந்த ஸ்பூன் வைத்தியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோரத்து பங்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் 3.6 சதவீதமாக இறங்கியது. 1978-ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழ் இந்தக் கரைசலை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகவே இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. இதில் என்னைக் கவர்வது உப்பும் சர்க்கரையும் அல்ல. டாக்டர் கையிலும் ஊசியிலும் இருந்த வைத்தியம், எதுவுமே இல்லாத அகதித் தாய்களின் கைக்கு வந்தது. அறிவைப் பூட்டி வைப்பதே சாதி என்று படித்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

மேசையில் தள்ளப்பட்ட சீட்டு

விடியும்போது பாப்பா இரண்டு முறை சிறுநீர் கழித்திருந்தாள். வாந்தி நின்றிருந்தது. காய்ச்சல் மட்டும் விடவில்லை. டவுனில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனேன். பெயர் எழுதும் இடத்தில் ஊரைக் கேட்டார்கள், சொன்னேன். “ஊருக்குள்ளயா, காலனியா?” என்று அடுத்த கேள்வி வந்தது. காய்ச்சலுக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. “சுத்தபத்தமா வச்சுக்கணும்மா, எத்தனை தடவ சொன்னாலும் உங்களுக்கெல்லாம் ஏறாது” என்று ஓர் அறிவுரையும் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்தவர், என்னுடையதை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

சின்ன அசைவுதான். காவல் நிலையத்துக்குப் போய் இதைப் புகாராக எழுத முடியாது. ‘உனக்குத்தான் அப்படித் தோணுது’ என்று சொல்ல நம் ஆட்களே இருக்கிறார்கள். ஆனால் அந்த அசைவுக்கு வயது அதிகம்.

அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன் நினைவுக் குறிப்புகளில், கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். 1929 டிசம்பர் 12 தேதியிட்ட ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்த கடிதம் அது. ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு. டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கெஞ்சி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஒருவர் பிணை நின்ற பிறகு வந்தார். அப்போதும் சேரிக்கு வெளியேதான் பார்ப்பேன் என்றார். பச்சைக் குழந்தையோடு அந்தப் பெண்ணை வெளியே தூக்கி வந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவிக்கு வைத்தார், அதே வழியில் அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். பிறகு வந்து பார்க்க மறுத்தார். அந்தப் பெண் இறந்துபோனார்.

அந்த டாக்டர் படிப்பறிவு இல்லாதவர் அல்ல. காய்ச்சலை அளக்கத் தெரியும், நோயின் பெயரும் தெரியும். நோயாளியைத் தொட மட்டும் முடியவில்லை. இன்று அந்த அளவுக்கு யாரும் வெளிப்படையாகச் செய்ய மாட்டார்கள் என்று சொல்லலாம். 2000களின் தொடக்கத்தில் கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்தார்கள். ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் பொது நீர்நிலையைப் பயன்படுத்துவதில் தலித்துகளுக்குத் தடை இருந்தது. மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள். 2010-ல் வெளிவந்த சங்கமித்ரா ஆச்சார்யாவின் ஆய்வு இன்னும் நெருங்கிப் போனது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் இருநூறு தலித் குழந்தைகளிடமே கேட்டது அந்த ஆய்வு. மருந்து கொடுக்கும்போது தொடாமல் இருப்பது, காக்க வைப்பது, மற்ற குழந்தைகளிடம் பேசுவதுபோல் பேசாமல் இருப்பது என்று குழந்தைகள் சொன்னார்கள். தங்களை யார் தொடவில்லை என்பது குழந்தைக்குத் தெரிகிறது.

இதன் விளைவு அவமானத்தோடு நிற்பதில்லை. ஒருமுறை இப்படி நடத்தப்பட்ட தாய் அடுத்த முறை காய்ச்சல் வந்தால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவாள். நீர் வற்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு நாள்தான் உயிர். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடையே ஐந்து வயதுக்குள் இறப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று தேசியக் குடும்பநல ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. அதற்கு வறுமை ஒரு காரணம். தள்ளிப்போன அந்த ‘நாளைக்கு’ இன்னொரு காரணம்.

வேங்கைவயலில் திரும்பிய கேள்வி

என் மகளுக்கு உடம்பு முடியாமல் போன அதே வாரம் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தி, காய்ச்சல். மருத்துவமனையில் நான் இதைச் சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ஒரே தெருவில் நான்கு குழந்தைகள் என்றால் நான்கு தாய்களும் ஒரே நாளில் கை கழுவ மறந்துவிட்டார்கள் என்று நினைப்பதா, அல்லது நான்கு வீட்டுக்கும் பொதுவாக இருக்கிற ஒன்றைத் தேடுவதா?

இந்தக் கேள்வி சரியான திசையில் கேட்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் ஒன்றியம், முட்டுக்காடு ஊராட்சியில் உள்ள வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்கே தலித் குடியிருப்புக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள் குடிதண்ணீரைப் பாருங்கள் என்றார்கள். டிசம்பர் 26 அன்று மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தபோது தண்ணீரில் மனித மலம் மிதந்தது.

மருத்துவர்கள் அன்று ‘சுத்தமா இருங்க’ என்று அறிவுரை சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால், அந்தக் குழந்தைகள் வீட்டுக்குப் போய் அதே தண்ணீரைக் குடித்திருப்பார்கள். ஒரே ஒரு கேள்வி திசை மாறியதால் தமிழ்நாடே தலைகுனிந்த குற்றம் வெளியே வந்தது. மறுநாள் மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் விசாரிக்கப் போனபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் தலித்துகளை விடாத வழக்கமும் வெளிப்பட்டன. குழந்தையின் வாந்தியிலிருந்து தொடங்கிய விசாரணை அந்த ஊரின் சாதி ஒழுங்கு முழுவதையும் காட்டிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. டிஎன்ஏ பரிசோதனைக்கு மாதிரி தரும்படி பாதிக்கப்பட்ட மக்களே அழைக்கப்பட்டார்கள். சிறுவர்களையும் விட்டுவைக்கவில்லை. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, அதே வேங்கைவயலைச் சேர்ந்த தலித் இளைஞர்கள் மூவரைக் குற்றம் சாட்டியது. பிப்ரவரியில் வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. மக்கள் குற்றப்பத்திரிகையை ஏற்க மறுத்தார்கள். விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் சி.பி.ஐ. விசாரணை கேட்டன.

குற்றப்பத்திரிகை தீர்ப்பு அல்ல. ஆனால் அது போன பாதையைக் கவனியுங்கள். தாயின் கையை விட்டுத் தொட்டியை நோக்கிப் போன கேள்வி, இரண்டு ஆண்டுகள் சுற்றிவிட்டு மறுபடியும் அதே தெருவுக்கு வந்து நின்றது. ‘உன் குழந்தை நோயில் விழுந்தால் காரணம் நீதான்’ என்று மருத்துவமனை மேசையில் எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் அங்கே ஒரு குடியிருப்பு முழுவதற்கும் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு தொட்டி எதற்கு?

யார் செய்தது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். எந்த நீதிமன்றமும் சொல்லத் தேவையில்லாத ஓர் உண்மை அந்த ஊரில் நின்றுகொண்டிருந்தது. 10,000 லிட்டர் கொள்ளளவுள்ள அந்தத் தொட்டி தலித் குடியிருப்புக்கென்று தனியாகக் கட்டப்பட்டது. ஊர் முழுவதும் ஒரே தொட்டியில் குடித்திருந்தால், குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் குழந்தைகளை மட்டும் மலத்தைக் குடிக்க வைப்பது சாத்தியமே இல்லை. கலந்த கை யாருடையதாக இருந்தாலும், தனித் தொட்டியைக் கட்டிய கை அரசுடையது. காலனிக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி, தனிச் சுடுகாடு என்று சாதியை சிமெண்ட் போட்டுக் கட்டிக்கொடுப்பது நம் வரிப்பணம்.

இங்கே ஒரு மறுப்பு வரும்: ‘பொதுக் கிணற்றில் விடவில்லை என்றுதானே தனியாகக் கட்டிக் கொடுத்தார்கள், அதுவும் குற்றமா?’ இதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். என் அம்மா சிறுமியாக இருந்தபோது ஊர்க் கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது இறைத்து ஊற்றும்வரை காத்திருந்தவர். காலனிக்குத் தனிக் குழாய் வந்த நாளை இன்றும் அவர் திருவிழாபோலச் சொல்வார். அந்தத் தலைமுறைக்கு அது உண்மையாகவே விடுதலை. ஆனால் காத்திருக்கும் அவமானத்திலிருந்து விடுவித்த அதே குழாய், நாங்கள் என்ன குடிக்கிறோம் என்பதை ஊர் கவனிக்கத் தேவையில்லாமலும் செய்துவிட்டது. எங்கள் ஊரிலும் இரண்டு தொட்டி இருக்கிறது. ஊர்த் தொட்டியில் தண்ணீர் கலங்கி வந்தால் அன்று மாலைக்குள் ஆள் வருவார்கள். எங்கள் தொட்டியில் பாசி பிடித்தால் நாங்கள் மனு எழுத வேண்டும். ஊர்த் தொட்டியின் ஏணிக்குப் பூட்டிய கதவு உண்டு. எங்கள் தொட்டியின் ஏணியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். மேட்டு நிலம், குழாயில் அழுத்தம் என்று பொறியியல் காரணங்களுக்காக ஓர் ஊருக்கு இரண்டு தொட்டி தேவைப்படலாம். ஆனால் அந்தப் பொறியியல் கோடு ஏன் எப்போதும் சாதித் தெருவின் எல்லையில் மட்டும் விழுகிறது?

மகத் சௌதார் குளத்துக்குப் போன அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. பொது நீர்நிலைகள் தீண்டப்படாதவர்களுக்கும் உண்டு என்று பம்பாய் சட்டமன்றம் 1923-ல் தீர்மானம் போட்டிருந்தது. மகத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டிருந்தது. காகிதத்தில் உரிமை இருந்தது. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோரோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். எங்களுக்குத் தனிக்குளம் வெட்டிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அதற்குச் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 பானைகளில் எடுத்துப்போய்க் குளத்தில் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். ஒரு மனிதன் தொட்ட தண்ணீர் அழுக்கு, சாணம் கலந்த தண்ணீர் சுத்தம். சாதியின் சுகாதாரம் இதுதான். இந்தச் சுகாதாரத்தை வைத்திருக்கும் சமூகம்தான் எங்களுக்குச் ‘சுத்தபத்தமா இரு’ என்று பாடம் எடுக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம், கை கழுவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டில் இரண்டும் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் நடக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் இருக்கட்டும், அபாய அறிகுறிகள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். ஆனால் காய்ச்சுவதற்கு கேஸ் வேண்டும், நேரம் வேண்டும், முதலில் தண்ணீர் வேண்டும். தொட்டியில் செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொரு தாயும் தன் அடுப்பில் தனித்தனியாகச் செய்துகொள்ள வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று நம் ஊர்களில் எழுந்து நின்று கேட்கச் சில கேள்விகள் இருக்கின்றன. ஊரில் எத்தனை தொட்டி? எந்தத் தொட்டி எந்தத் தெருவுக்கு? கழுவிய தேதி ஒவ்வொரு தொட்டியிலும் எழுதப்பட்டிருக்கிறதா, காலனித் தொட்டியிலும்? குளோரின் கடைசிக் குழாய் வரை வந்து சேர்கிறதா? இந்தியத் தர நிர்ணயப்படி குழாய் முனையில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். காலனி பெரும்பாலும் குழாயின் கடைசி முனையில் இருப்பதால் இந்த அளவைக் கடைசி வீட்டில்தான் சோதிக்க வேண்டும். ஏணிக்குப் பூட்டு உண்டா? அங்கன்வாடியில் ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை இருப்பு எவ்வளவு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊரில் இருக்கும் இரண்டு தொட்டிகளையும் ஒரே குழாய்வழியில் இணைக்க வேண்டும், புதிதாகக் கட்டும் எந்தத் தொட்டியும் சாதித் தெருவைப் பார்த்துக் கட்டக் கூடாது என்பது பெரிய கோரிக்கை. 1990களின் இறுதியில் சமத்துவபுரம் கட்டத் தெரிந்த அரசுக்கு, பல சாதி வீடுகளுக்கு ஒரே தண்ணீர் கொடுப்பது எப்படி என்று தெரியாமல் இல்லை. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய குடியிருப்பில் முடிந்தது ஏற்கெனவே இருக்கும் ஊர்களில் ஏன் முடியவில்லை என்பதற்குப் பதில் சொல்லட்டும்.

மருத்துவம், செவிலியம் படிக்கும் தோழர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். நாளை உங்கள் மேசைக்கு முன்னால் காலனியிலிருந்து ஒருத்தி வாந்தி எடுக்கும் குழந்தையோடு நிற்பாள். குழந்தையைத் தொட்டுப் பாருங்கள். மருந்துச் சீட்டைக் கையில் கொடுங்கள். ‘உங்க தெருவுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?’ என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், அவள் கையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவள் ஊராட்சிக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் போன் போடுங்கள். வேங்கைவயலில் மருத்துவர்கள் கேட்டது அவ்வளவுதான்.